கல்லூரியில் சேர்ந்தாச்சு, அப்புறம்? சேலம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் படித்து, சேலத்திலேயே வேலை பார்க்கிறவள் நான். அட்மிஷன் முடிந்து ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வருவதற்குள் தெரிந்தவர் பிள்ளைகள், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) நல்லதா, என்சிசி (தேசிய மாணவர் படை) நல்லதா, கல்ச்சுரல்ஸுக்குப் போனால் மார்க் குறையுமா, வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள் என்ன செய்வது? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பஸ்ஸில் வந்து போகிறவர்களையும், வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறியவர்களையும் மனதில் வைத்து எழுதியது, ஏனென்றால் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல அவர்கள் வீட்டில் ஆள் இருக்காது.

நான் படிப்பது ஒரு கலைக் கல்லூரியில். பெரியார் பல்கலைக்கழகத்தில் நடக்கும் போட்டிகள் எனக்கும் உண்டா?

உண்டு. பெரியார் பல்கலைக்கழகம் 1997 செப்டம்பர் 17-இல் தொடங்கப்பட்டது. கருப்பூர் பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் வளாகம் மட்டும்தான் பல்கலைக்கழகம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நாலு மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகளும் அதனோடு இணைக்கப்பட்டவைதான். இப்படி இணைந்த ஒரு கல்லூரியில் படிக்கிறீர்கள் என்றால், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடலாம், அங்கே தேர்வானால் பல்கலைக்கழக அணியிலும் ஆடலாம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் தேர்வும் அவர்களுடையது, ஆனால் பட்டம் பல்கலைக்கழகத்துடையது, அதனால் விளையாட்டில் உங்களுக்கும் இடம் உண்டு.

தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். காலேஜ் விட்டதும் ஓடினால்தான் பஸ். எனக்கு எதற்கு இதெல்லாம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று சொல்லலாம். ஆத்தூர், தாரமங்கலம், மேச்சேரி, எடப்பாடி, சங்ககிரி, ஏற்காட்டு மலைக்கிராமங்கள் என்று எங்கெங்கிருந்தோ கிளம்பி, ரெண்டு பஸ் மாறி, புதிய பஸ் நிலையத்தில் நின்று வந்து சேர்கிற பிள்ளைகள்தான் நம்ம ஊர்க் கல்லூரிகளில் அதிகம். வீட்டுக்குப் போய்த் தறியில் அப்பாவுக்கு உதவுகிறவர்கள் இருக்கிறார்கள், சாயங்காலம் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மன்றக் கூட்டம், ஒத்திகை, பயிற்சி எல்லாவற்றையும் சாயங்காலம் வைத்துவிட்டு, வருகிறவர்கள் வரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அப்போது ஹாஸ்டல் பிள்ளைகளும் வண்டி வைத்திருக்கிறவர்களும் மட்டுமே வருகிறார்கள், எல்லா வருடமும் அதே முகங்கள்தான் மேடையில் நிற்கின்றன. மற்றவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆர்வம் இல்லாமல் இல்லை, பஸ்தான் இல்லை.

அதனால் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். துறை மன்றத்தின் பொறுப்பாசிரியரிடம் நாலைந்து பேராகச் சேர்ந்து போய், "மேம், கூட்டத்தை மதியம் சாப்பாட்டு இடைவேளையில் வைத்தால் நாங்களும் வருவோம்" என்று சொல்லிப் பாருங்கள். தனியாகப் போனால் தயக்கமாக இருக்கும், நாலு பேர் போனால் அது ஒரு கோரிக்கை. முக்கால்வாசி ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள், இதுவரை யாரும் கேட்காததால்தான் மாற்றவில்லை. சில கல்லூரிகளில் சனிக்கிழமை அரை நாள் கிடைக்கும், அதையும் கேட்கலாம். இதெல்லாம் முடியவே இல்லையென்றாலும் வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய பொறுப்புகள் எந்த நிகழ்ச்சியிலும் இருக்கும்: அழைப்பிதழ் வடிவமைப்பது, துறை மலருக்கு வந்த கட்டுரைகளைப் பிழை திருத்துவது, செலவுக் கணக்கு எழுதுவது, சிறப்பு விருந்தினரைப் பற்றிய அறிமுகக் குறிப்பு தயாரிப்பது. இவை சின்ன வேலைகள் இல்லை. கணக்கு எழுதத் தெரிந்த ஒருத்தி இல்லாமல் எந்த விழாவும் ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை.

என்எஸ்எஸ்-இல் சேர்ந்தால் மண் வெட்டச் சொல்வார்களாமே?

வெட்டச் சொல்வார்கள், ஆமாம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24-இல் 37 பல்கலைக்கழகங்களில் ஆரம்பித்தது. விதி எளிமையானது: ரெண்டு வருடத்தில் 240 மணி நேரம் பணி, அதாவது வருடத்துக்கு 120 மணி, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று. ரெண்டும் முடித்தால்தான் சான்றிதழ்.

முகாம் என்பது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ தங்கி, காலையில் வேலை, மதியத்துக்கு மேல் யாராவது வந்து பேசுவது, சாயங்காலம் ஊர் மக்களோடு கலை நிகழ்ச்சி. சீமைக்கருவேலம் வெட்டுவது, பள்ளிக்குச் சுண்ணாம்பு அடிப்பது, கால்நடை மருத்துவ முகாமுக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்வது, கழிப்பறை, குடிநீர் பற்றிக் கணக்கெடுப்பது என்று வேலை இருக்கும். ஏழு நாளும் பாயில் படுத்து, வரிசையில் நின்று குளித்து, நாற்பது ஐம்பது பேருக்குச் சமைத்துப் பரிமாறி, சண்டை போட்டுச் சேர்ந்து முடிக்கும்போது, மூன்று வருடம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பழகாத பழக்கம் வந்துவிடும். மலைக்கிராமத்தில் முகாம் என்றால் இன்னும் ஒரு விஷயம் உண்டு. சேர்வராயன் மலையில் இருக்கும் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்களுக்குப் போகும்போது நாம் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்போடு போகாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்த மழை, மரம், மிளகு, காப்பி எதுவும் நமக்குத் தெரியாது. கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் என்எஸ்எஸ் பிள்ளைகளை விழாவுக்கு நாற்காலி போடவும் மந்திரி வந்தால் வரிசையில் நிற்கவும் மட்டுமே கூப்பிடுகிறார்கள். அது 240 மணியில் கணக்குக்கு வரலாம், ஆனால் அது மட்டுமே என்எஸ்எஸ் ஆகிவிடாது. என்எஸ்எஸ்-ஐப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரான திட்ட அலுவலரிடம், தத்தெடுத்த கிராமம் எது, இந்த வருடம் அங்கே என்ன செய்யப்போகிறோம் என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

என்சிசி-யா என்எஸ்எஸ்-ஸா, எதில் சேரலாம்?

போலீஸ், ராணுவம் என்று ஒரு கனவு இருந்தால் யோசிக்காமல் என்சிசி. ரெண்டாவது வருட முடிவில் 'பி' சான்றிதழ், மூன்றாவது வருடம் 'சி' சான்றிதழ். 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும் பட்டத்தில் 50 சதவீதமும் இருந்தால், ராணுவத்தின் என்சிசி சிறப்பு நுழைவு வழியாக எழுத்துத் தேர்வு இல்லாமலே எஸ்எஸ்பி (ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்முகத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்களுக்கும் உண்டு, பெண்களுக்கும் உண்டு. இதைத் தெரியாமலே 'பி' சான்றிதழோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய.

ஆனால் அணிவகுப்பு வெயிலில்தான், பெரும்பாலும் காலையில் சீக்கிரம். முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான் எங்கள் ஊருக்கு வரும் என்றால் சேர்வதற்கு முன்பே என்சிசி அதிகாரியான ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். சேர்ந்தபின் பாதியில் விடுவது உங்களுக்கும் நல்லதில்லை, அந்த இடம் கிடைக்காமல் போன இன்னொரு பிள்ளைக்கும் நல்லதில்லை.

மார்க் ஷீட்டில் பகுதி ஐந்து என்று வருகிறதே, அது என்ன?

முதல் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி, ரெண்டாவது ஆங்கிலம், மூன்றாவது உங்கள் முக்கியப் பாடம், நாலாவது திறன் பாடம், சுற்றுச்சூழல், மதிப்புக்கல்வி போன்றவை. ஐந்தாவது விரிவாக்கப் பணி. என்எஸ்எஸ், என்சிசி, விளையாட்டு, இளையோர் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற ஏதாவது ஒன்றில் இருந்ததற்கு ஒரு கிரெடிட். அதாவது இது பொழுதுபோக்கு இல்லை, பட்டத்தின் ஒரு பகுதி. "படிக்கிற வேலையைப் பாரு" என்று வீட்டில் சொன்னால் இதைக் காட்டுங்கள்.

பெண் பிள்ளையை முகாமுக்கு அனுப்பமாட்டேன் என்கிறார் அப்பா.

இதற்கு ஒரே வரியில் பதில் இல்லை. அப்பாவிடம் சண்டை போடாதீர்கள், அழுதுகொண்டு அறையில் போய் உட்காரவும் வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் பயம்தான் காரணம், அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால் பயத்துக்குப் பதில் கொண்டுபோங்கள்: எந்த ஊர், எங்கே தங்குகிறோம், எத்தனை பெண்கள் வருகிறார்கள், கூட வரும் பெண் ஆசிரியர் யார், அவர் எண் என்ன, ராத்திரி எத்தனை மணிக்குக் கதவு சாத்துவார்கள். இத்தனையும் ஒரு தாளில் எழுதி, கல்லூரி தரும் பெற்றோர் சம்மதக் கடிதத்தோடு கொடுங்கள். பெண்கள் தங்கும் முகாமுக்குப் பெண் ஆசிரியர் கட்டாயம் கூட இருக்கவேண்டும். இல்லையென்றால் நானே போகாதே என்றுதான் சொல்வேன்.

அப்புறம் மேமிடம் சொல்லி அப்பாவோடு போனில் ரெண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். "டீச்சரே பேசினாங்க" என்பதற்கு எங்கள் பக்கத்து வீடுகளில் இன்னும் பெரிய மதிப்பு இருக்கிறது. ஏழு நாளுக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால், முதலில் ஒரு நாள் நிகழ்ச்சிக்கு, பிறகு வெளியூர்ப் போட்டிக்கு என்று படிப்படியாகக் கேளுங்கள். பகல்நேர முகாமும் சில கல்லூரிகள் நடத்துகின்றன. அம்மாவை முதலில் உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள், பெரும்பாலும் அவருக்கும் போகவேண்டும் என்று ஆசை இருந்து, யாரும் அனுப்பாமல் போயிருப்பார்கள்.

மேடையில் பேச வராது. தமிழ் மன்றத்தில் சேரலாமா?

பேச வராதவர்களுக்காகத்தான் மன்றமே. முதலில் நன்றியுரை கேட்டு வாங்குங்கள். நாலைந்து வரி, எழுதி வைத்துப் படித்தாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அரங்கமும் பாதி காலியாகத்தான் இருக்கும், அதனால் பயம் குறையும். அடுத்தது தொகுத்து வழங்குதல், அதற்கடுத்து கவியரங்கம், பிறகு பட்டிமன்றம். பட்டிமன்றத்தில் கடைசிப் பேச்சாளராக நிற்பது எளிது என்று நினைக்காதீர்கள், முன்னால் பேசிய எல்லோருக்கும் பதில் சொல்லவேண்டியது அவர்தான்.

தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் கல்லூரி மாணவர்களுக்குக் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகள் நடத்துகிறது. முதல் பரிசு 10,000 ரூபாய், அடுத்தது 7,000, மூன்றாவது 5,000. தலைப்பை அந்த இடத்திலேயே கொடுப்பார்கள், அதனால் மனப்பாடம் உதவாது. சுற்றறிக்கை முதல்வர் அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து தமிழ்த் துறை வரை வந்து நின்றுவிடும். வேதியியல் படிக்கிறவர்களும் கலந்துகொள்ளலாம், தமிழ்த் துறைப் பலகையைப் போய்ப் பாருங்கள்.

இங்கிலீஷ் வராது, சிம்போசியத்துக்குப் போனால் அசிங்கப்படுவேனா?

மாட்டீர்கள். சிம்போசியம் என்பது துறைகள் நடத்தும் கருத்தரங்கும் போட்டிகளும்தான். வினாடி வினா, சுவரொட்டிக் காட்சி, நிரல் எழுதும் போட்டி எதிலும் ஆங்கிலப் பேச்சு பெரிதாகத் தேவையில்லை. கட்டுரை வாசிக்கவேண்டும் என்றால் இங்கிலீஷ் தெரிந்த ஒரு தோழியோடு ரெண்டு பேர் அணியாகப் போங்கள், ஆராய்ச்சி உங்களுடையது, வாசிப்பு அவருடையது.

ஊரில் டென்னிஸ் பந்தில்தான் கிரிக்கெட் ஆடியிருக்கிறேன். கல்லூரி அணியில் எடுப்பார்களா?

போய் நில்லுங்கள். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர்தான், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடினார். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். ரெண்டுமே நம்ம மாவட்டத்துக் கிராமங்கள். எல்லோரும் அப்படி ஆகிவிடுவோம் என்று சொல்லவில்லை, கிராமத்தில் ஆடியது கணக்கில் வராது என்று நினைக்காதீர்கள் என்கிறேன்.

முதல் வாரமே உடற்கல்வி இயக்குநரைப் பாருங்கள். அணிக்கு ஆள் எடுப்பது சீக்கிரம் முடிந்துவிடும், தாமதமாகப் போனால் அடுத்த வருடம்தான். கல்லூரி அணியிலிருந்து பல்கலைக்கழக அணி, அங்கிருந்து தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி, பிறகு அகில இந்தியப் போட்டி. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் இடம்பிடித்தால் கிடைக்கும் 'படிவம் 3' சான்றிதழை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு என்று வரும்போது கேட்பது அதைத்தான், கோப்பையை யாரும் கேட்கமாட்டார்கள். தமிழ்நாட்டில் அந்த ஒதுக்கீடு 3 சதவீதம்.

அட்டெண்டன்ஸ் போய்விடாதா?

கல்லூரி அனுப்பிப் போனால் ஓ.டி. (ஆன் டூட்டி, அதாவது வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு) உண்டு. ஆனால் போவதற்கு முன்பே கடிதத்தில் பொறுப்பாசிரியர், துறைத் தலைவர் ரெண்டு பேர் கையெழுத்தும் வாங்கி, ஒரு நகல் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். போய்விட்டு வந்து கேட்டால் இழுத்தடிக்கும். 75 சதவீதம் என்பதை ஓ.டி.-யை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், காய்ச்சலுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வேண்டும். அரியர் இருக்கும் செமஸ்டரில் ஒரே ஒரு பொறுப்பு போதும்.

ரத்தம் கொடுக்கலாமா? பயமாக இருக்கிறது.

18 வயது முடிந்து, 45 கிலோவுக்குக் குறையாமல் எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒரு முறை. காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வரிசையில் நின்று மயங்கி விழுகிறவர்கள் அதிகம், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஹீமோகுளோபின் போதவில்லை என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்படவேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். நம்ம பெண் பிள்ளைகள் பலருக்கு ரத்தசோகை இருப்பதே முகாமில்தான் தெரியவருகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே போய்ப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

மாணவர் பேரவைத் தேர்தல் நடக்குமா?

பல இடங்களில் நேரடித் தேர்தல் இல்லை, வகுப்புப் பிரதிநிதிகள் கூடித் தேர்ந்தெடுப்பதோ துறை நியமிப்பதோதான். தேர்தல் நடந்தால் லிங்டோ குழுவின் பரிந்துரைகள் பொருந்தும், 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டவை: வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் கூடாது, அரியர் இருக்கக்கூடாது, அட்டெண்டன்ஸ் குறைந்தது 75 சதவீதம். பொறுப்புக்கு வருகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான், வெளியூர் பஸ் நேரம் தெரிந்து கூட்டம் வைக்கவேண்டும்.

சீனியர்கள் பாடச் சொல்கிறார்கள், ஆடச் சொல்கிறார்கள். இது ராகிங்கா?

உங்களுக்கு விருப்பம் இல்லாமல், பயமுறுத்தியோ கேவலப்படுத்தியோ செய்யச் சொன்னால் ராகிங்தான். தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டமே இருக்கிறது, ரெண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், கல்லூரியை விட்டு நீக்கம். பல்கலைக்கழக மானியக் குழுவின் இலவச உதவி எண் 1800-180-5522, பெயர் சொல்லாமலும் பேசலாம். "அண்ணா, அக்கா" என்று கூப்பிட்டுப் பழகுவது வேறு, அதைக் கட்டாயப்படுத்துவது வேறு.

ஏற்காட்டுக்கு நண்பர்களோடு வண்டியில் போகலாமா?

பஸ்ஸில் போங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, மழை விட்டதும் எதிரே வருகிற வண்டியே தெரியாத பனிமூட்டம், இறங்கும்போது கியரை விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளைகள். ஒவ்வொரு வருடமும் கேட்கக்கூடாத செய்தி வருகிறது. கண்டிப்பாக வண்டிதான் என்றால் ரெண்டு பேருக்கும் ஹெல்மெட், இறங்கும்போது ரெண்டாவது கியர், இருட்டுவதற்குள் அடிவாரம். கோடை விழா நாட்களில் ஏற ஒரு வழி, இறங்கக் குப்பனூர் வழி என்று மாற்றிவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டுக்குள் நடைப்பயணம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் காலே வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைத் தீயில் மாட்டிக்கொண்டவர்களில் இளம் வயதினரே அதிகம், அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று விதிகளே வந்தன. தாவரவியல், விலங்கியல் படிக்கிறவர்கள் துறை வழியாகக் களப்பயணம் கேளுங்கள். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் (பிஎஸ்ஐ) ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. படகுத் துறையில் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்புகிற கூட்டத்துக்கு அது தெரிவதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எல்லாவற்றுக்கும் காசு வேண்டுமே?

வேண்டும், ஆனால் குறைவாக. என்எஸ்எஸ், என்சிசி-க்கு நீங்கள் செலவு செய்யவேண்டியதே இல்லை என்று சொல்லலாம், முகாமில் சாப்பாடும் அவர்களே. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, விண்ணப்பிக்கவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் இன்றே கேளுங்கள். காசு கேட்பது பெரும்பாலும் காலேஜ் டே உடை, ஃபேர்வெல், டூர். எல்லோரும் ஒரே கலர்ப் புடவை என்று முடிவெடுக்கும்போது வாங்க முடியாத தோழி வகுப்பில் இருப்பாள், அவள் வாய்திறந்து சொல்லமாட்டாள். நீங்கள் சொல்லுங்கள், வீட்டில் இருக்கிற புடவையே போதும் என்று. விழா முடிந்து ஆளுக்கு ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டால் அதுவே நல்ல கொண்டாட்டம்.

கடைசி வருடம் வந்துவிட்டேன். இதுவரை எதிலும் இல்லை. இனிமேல் சேரலாமா?

என்எஸ்எஸ் 240 மணிக்கும் என்சிசி 'சி'-க்கும் நேரம் போய்விட்டது, அதை விடுங்கள். மாவட்டப் பேச்சுப் போட்டி, ரத்ததானம், துறை மலர், சிம்போசியம், சேலம் புத்தகத் திருவிழாவுக்கு வகுப்போடு போவது, இதற்கெல்லாம் வருடக் கணக்கு கிடையாது. உங்கள் துறை மன்றத்தின் அடுத்த நிகழ்ச்சி எப்போது என்று இந்த வாரமே பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். வரவேற்புரை, நன்றியுரை ரெண்டில் ஒன்றுக்காவது இன்னும் ஆள் கிடைக்காமல் அவர் தேடிக்கொண்டிருப்பார்.